நான்கு மணி நேரத்து இட்லி

மறுசோறு வாங்காமல் எங்கள் நைனாவின் பந்தியிலிருந்து யாரும் எழுந்ததில்லை. கருங்குழியில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். 'வேண்டாம்' என்ற சொல் நைனாவின் காதில் விழாது. போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தால் விரல் சந்துக்குள் குழம்பை ஊற்றிவிட்டு, "ஒரு கரண்டில இன்னா ஆயிடப் போவுது?" என்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு கரண்டி நைனாவின் கைக்கு வந்தது. பகலெல்லாம் டெம்போ ஓட்டி நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றி இறக்கியவர், வீட்டுக்கு வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பார். முதல் வருடம் அவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு நானும் அண்ணனும் பிழைத்துக் கிடந்ததே பெரிய விஷயம். அப்புறம் அப்புறம் கை பழகிவிட்டது. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் குழம்பில் உப்பு பார்க்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். பேச்சு அவருக்கு வராது. அன்பானாலும் கோபமானாலும் சண்டை போட்ட மறுநாள் சமாதானமானாலும் ஒரே வார்த்தைதான்: "சாப்புடு."

அப்படிப்பட்டவரின் மகளுக்கு, சாப்பிட்டது வயிற்றைவிட்டுக் கீழே இறங்காத வியாதி வந்தது. கடவுளுக்குக் கிண்டல் கொஞ்சம் அதிகம் என்று எனக்கு வெகுநாளாக ஒரு நினைப்பு உண்டு.

முதலில் வந்தது சர்க்கரை. ப்ளஸ் டூ படிக்கும்போது. கிழவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, அன்றிலிருந்தே ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய சர்க்கரை. அன்று மாலையே நைனா வீட்டிலிருந்த வெல்லப் பானையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். கிணற்றடி நிலத்தில் நெல்லைக் குறைத்துக்கொண்டு முருங்கை, அவரை, தண்டுக்கீரை, வாழை என்று போட்டார். சர்க்கரைக்கு நார்ச்சத்து நல்லது என்று யாரோ கம்பவுண்டர் சொல்லிவிட்டாராம். அதைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குடியிருப்புக்கு வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு பை நிச்சயம். அந்தப் பக்கம் லோடு இருந்தால் அவரே டெம்போவில் கொண்டுவருவார். இல்லாவிட்டால் செங்கல்பட்டில் எங்கள் பக்கம் போகும் பஸ் கண்டக்டர் யாரையாவது பிடித்துக் கொடுத்து அனுப்புவார். பையில் வாழைத்தண்டு தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ள பெண் என்று தெரிந்தே கட்டிக்கொண்டவர். கும்பகோணத்துப் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அணு ஆராய்ச்சி வேலை. அதிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு. உள்ளே வேலை செய்கிறவர்கள் எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறார்கள் என்று பார்ப்பது, வெளியே வரும்போது கையிலும் காலிலும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கருவியை வைத்துச் சோதிப்பது, இதுதான் அவருடைய உத்தியோகம். அங்கே உள்ள சட்டங்களில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. உள்ளே எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது, பாக்குத் துண்டு மெல்லக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது. "வெளியில இருந்து வர்றதுக்குச் சுவர் கட்டலாம், தள்ளி நிக்கலாம். வயித்துக்குள்ள போனதுக்கு என்ன பண்ணுவ?" என்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவர் கை கழுவுகிற அழகைப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிறாரோ என்று தோன்றும்.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் வயிறு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டால் கல்யாண விருந்து சாப்பிட்டதுபோல் வயிறு கல்லாகிவிடும். மதியம் ஏப்பம் விட்டால் காலைச் சட்னி வாசனை. சாயங்காலம் வாந்தி எடுத்தால் முந்தின நாள் அவரைக்காய், நறுக்கியது நறுக்கினபடி. என் கைப்பட நறுக்கிய அவரைக்காயை எனக்குத் தெரியாதா? குடியிருப்புப் பெண்கள் முதலில் வேறு கணக்குப் போட்டார்கள். கல்யாணமாகி வருடக்கணக்கில் மடி நிறையாமல் இருந்த எனக்கு மாங்காயும் நெல்லிக்காயும் வந்து குவிந்தன. சோதித்துப் பார்த்து இல்லை என்றானதும் அதே பெண்கள் அதே முகத்தோடு, "டென்ஷனைக் குறைச்சுக்கங்க" என்றார்கள். அந்த மாங்காயை ஊறுகாய் போட்டேன். சாப்பிட முடியவில்லை.

காணும் பொங்கலன்று எங்கள் பக்கத்து ஜனமெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில்தான் இருக்கும். வேன், டிராக்டர், லாரி என்று எதில் ஏற முடியுமோ அதில் ஏறிக்கொண்டு, சமைத்த பாத்திரங்களோடு வந்து மணலில் ஜமுக்காளம் விரித்து உட்காருவார்கள். நைனாவுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். விடியும் முன்பே புளிசோறும் கறிக்குழம்பும் வடையும் ஆகிவிடும். டெம்போவின் பின்னால் சொந்தபந்தம் இருபது பேரையும் அண்டாக்களையும் ஒன்றாக அடைத்துக்கொண்டு வருவார். நானும் கணவரும் குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்துகொள்வோம். நைனாதான் பரிமாறுவார். எல்லோரும் எழுந்த பிறகு கடைசியில்தான் அவர் சாப்பாடு.

அந்த வருடம் காலையில் சாப்பிட்டதே எனக்கு அப்படியே இருந்தது. தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன். நைனா கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, கோழி கொத்துற மாரி கொத்திகினு கீற?"

"போதும் நைனா. வயிறு சரியில்ல."

"எப்பப் பாரு வயிறு சரியில்ல, வயிறு சரியில்ல. போன தபா வந்தப்பவும் இதே கத. கீரைய முழுசா வச்சிட்டுப் போன." சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி போட்டார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்காக அதைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துச் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடினேன். திரும்பி வரும்போது புடவை முந்தானை நனைந்திருந்தது. யாரோ ஒரு சித்தி நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு முன்னாலேயே வந்து சொல்லியிருக்க வேண்டும். நைனாவின் முகம் கறுத்திருந்தது.

"டவுன்சிப்புக்காரி ஆய்ட்ட. நான் ஆக்கிப் போடுற சோறு உனக்குக் கொமட்டுது."

"நைனா, அப்படி இல்ல..."

"வுடு. வுடு. பிரியமில்லாத சோறு எறங்காது."

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நைனா அண்டாவைக் கவிழ்த்து மிச்சத்தை மணலில் கொட்டினார். காக்கைகள் வந்தன. எனக்கும் அவர் கோபம் கொஞ்சம் உண்டு, நானும் சும்மா இருக்கவில்லை. "நான் என்ன வேணும்னா வாந்தி எடுத்தேன்?" என்று கத்தினேன். ஆனால் வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருந்தது? அந்த வாரம் பை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. குழாயை விட்ட டாக்டர் உடனே வெளியே எடுத்துவிட்டார். "உள்ள சோறா கிடக்கு. வெறும் வயித்தோட வரச் சொன்னா சாப்பிட்டு வந்து நிக்கிறீங்க. படிச்சவங்கதானே?" என்றார். சாப்பிடவில்லை என்றேன். அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பொய்க்காரி என்று சொன்ன அந்தச் சோறுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்னொரு நாள் இன்னொரு இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீர்போல ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அது சரசரவென்று இறங்கிப் போனது. "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லிவிட்டார்கள். என் வயிற்றில் தண்ணீர் இறங்குவதில் ஒரு நாளும் குறை இருந்ததில்லை. இறங்காதது சோறுதான்.

கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர், வயதானவர், மேசையில் கை ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அவர்தான் சொன்னார்: "இரைப்பைன்னா பைன்னு நினைச்சுக்கிறோம். அது பை இல்லம்மா, கிரைண்டர். போட்டதை அரைச்சு, மாவாக்கி, கொஞ்சம் கொஞ்சமா கீழ தள்ளணும். அதுக்குக் கட்டளை போடுறது ஒரு நரம்பு. ரொம்ப வருஷம் சர்க்கரை இருந்தா சில பேருக்கு அந்த நரம்பு மரத்துப் போகும். மோட்டார் ஓடலேன்னா மாவு எப்படி வழியும்? தண்ணி மட்டும் வழிஞ்சிடும்." அதைக் கண்டுபிடிக்கக் குழாயும் சுண்ணாம்புத் தண்ணீரும் போதாது என்றார். இட்லி மாவில் துளி கதிரியக்க மருந்தைக் கலந்து வேகவைத்துத் தருவார்கள். சாப்பிட்ட பிறகு நான்கு மணி நேரம்வரை நடுநடுவே காமிரா முன்னால் நிற்க வேண்டும். இட்லி எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று அது காட்டிவிடும்.

நான் எழுந்து கும்பிடாத குறை. நான்கு வருடமாக நான் தேடிய சாட்சி அந்த இட்லிதான். திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"சாப்பாட்டுல கலந்தா?" என்றார்.

"ரொம்பச் சின்ன அளவு சார். ஒரு நாள்ல போயிடும்."

"தெரியும். எந்த மருந்து, எவ்வளவு நேரத்துல பாதியாகும், எல்லாம் தெரியும்." எழுந்துவிட்டார். "நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

அந்த அளவு ஒன்றுமே இல்லை என்று அவரைவிடத் தெளிவாகக் கணக்குப் போடக்கூடியவர்கள் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டும் பார்த்தார். ஒன்றுமே இல்லைதான். ஆனால் வாயருகே எதையும் கொண்டுபோகாதே என்று பத்துப் பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், பெண்டாட்டியின் வாயில் அதை எப்படிப் போடுவார்? கணக்கு தலையில் இருந்தது, பயம் கையில் இருந்தது. வெளியாள் யாராவது இப்படிப் பயந்திருந்தால் அவரே சிரித்து விளக்கியிருப்பார். கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் கொல்லனே ஊசிக்குப் பயந்தார்.

"நீங்க ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "கொஞ்ச நாள் மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம்மா" என்பார். அவரிடம் சண்டை போடுவது பஞ்சு மெத்தையைக் குத்துவதுபோல. கை வலிக்காது, மெத்தையும் உடையாது. கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்றே இரண்டு காணும் பொங்கல் போய்விட்டது. இரண்டுக்கும் நான் கடற்கரைக்குப் போகவில்லை. நைனா வந்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் குடியிருப்பு அங்கிருந்து எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம். அவர் கூப்பிடவில்லை.

திருவிடந்தையில் என் கணவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, பக்கத்திலேயே பந்தி. காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து நன்றாகத்தான் சாப்பிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேர்த்தது, கண் இருட்டியது, அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். சோடாக்கடைக்காரர் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. என் கணவர் மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு நிறையச் சாப்பிட்டிருக்க. அப்புறம் எப்படிச் சர்க்கரை இறங்கும்?" என்றார். யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ஊசி வேலை செஞ்சிடுச்சு. சாப்பாடு இன்னும் குடலுக்கே போகல. அங்கயே நிக்குது." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரைச்சு ஊத்தின சர்க்கரை மட்டும் இறங்கிடுச்சு பாரு," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வாரமே போனோம். வயிற்றை ஓடவைக்கும் மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். போனதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அது எகிறியிருந்தால் நல்ல வயிறும் மந்தமாகிவிடுமாம். அந்த அறைக் கதவில் மூன்று இதழ் மஞ்சள் குறி. என் கணவர் தினமும் பார்க்கிற குறி. அதன் கீழே நின்று, கையுறை போட்ட பெண் எனக்கு இட்லித் தட்டை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்ற சாதாரண இட்லி. சட்னி கிடையாது, ஒரு டம்ளர் தண்ணீர். "நல்லா இருக்கா?" என்றார். "உப்பு கம்மி," என்றேன்.

காமிரா என்றதும் ஃபிளாஷ் அடிக்கும் என்று நினைத்தேன். இரண்டு பெரிய தட்டையான பலகைகளுக்கு நடுவே நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட்டவுடன் ஒரு தரம், ஒரு மணி கழித்து, இரண்டு மணி கழித்து, கடைசியாக நான்காவது மணியில். நடுவில் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கிண்டல் வந்தது. "தள்ளி உக்காருங்க, உங்க மிஷின் கத்தப் போவுது," என்றேன். அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

நான்காவது மணியில் படம் பார்க்கிற டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அந்நேரத்துக்கு இட்லி ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். எனக்குப் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. முதல் படத்தில் ஒரு கறுப்புத் திட்டு. கடைசிப் படத்திலும் அதே இடத்தில் அதே திட்டு, பிடிவாதக்காரக் குழந்தைபோல. எல்லோரும் துக்கமாகப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் திமிர் இல்லை. மனசு இல்லை, டென்ஷன் இல்லை, டவுன்ஷிப் இல்லை. அங்கிருந்து நேராகக் கருங்குழிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

நைனா முற்றத்தில் டெம்போவின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாங்க என்று என் கணவரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. படத்தை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். "இதுதான் நைனா என் வயிறு. இது இட்லி. நாலு மணி நேரம் கழிச்சும் பாரு, அங்கயே கீது." கிரைண்டர் கதையையும் சொன்னேன். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக, குழைவாக, நார் இல்லாமல். கீரை கூடாது, வாழைத்தண்டு கூடாது, அவரை முருங்கை எதுவும் கூடாது. எனக்கு இருந்த சந்தோஷத்தில், என்ன சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கிரீஸ் விரல் பதியாமல் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"அப்ப நானு அனுப்பிச்சதெல்லாம்..." என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும் நைனா? எனக்கே தெரியாதே."

"வேணாம் வேணாம்னு சொன்ன. ரெண்டு கரண்டி போட்டேன்." உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். என் தலையில் கை வைத்தார். பழைய பாப்பாவாகிவிட்டேன் என்று நினைத்தேன். கிளம்பும்போதுதான் கவனித்தேன், வந்து இரண்டு மணி நேரமாகியும் சாப்புடு என்று அவர் சொல்லவில்லை. களைப்பு, மறந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. நான் போனால் அடுப்பு அணைந்திருக்கும், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். "நீ வர்றேன்னு சொன்னா எங்களையெல்லாம் சீக்கிரமே துன்ன வச்சிடுறாரு. வாசன அடிச்சா உனக்கு ஏக்கமாப் பூடுமாம்," என்று அண்ணி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். ஊருக்கெல்லாம் மறுசோறு போட்ட வீட்டில், நான் வருகிற நாளில் மட்டும் பட்டினி. காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் வண்டி ரிப்பேர். எல்லாக் காணும் பொங்கலுக்குமா ஒரு வண்டி ரிப்பேராகும்?

ஒருமுறை நானாகவே கேட்டேன். "நைனா, கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடேன். பசிக்குது." அரிசியைக் குழையவிட்டு, வடிகட்டி, மறுபடி வடிகட்டி, டம்ளரில் பாதி கொண்டுவந்தார். குடிக்கும்வரை எதிரே நின்றார். விஷத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறவரின் முகம் அது. குடித்து முடித்தபின் நொடிக்கொரு தரம், "போச்சா பாப்பா? எறங்குச்சா?" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு கேட்கவில்லை.

மருந்தும் சின்னச் சின்னச் சாப்பாடும் எனக்கு ஓரளவு ஒத்துக்கொண்டன. ஊசி போடும் நேரத்தை மாற்றிக்கொண்டோம். வாந்தி குறைந்தது. குழைந்த சாதத்தில் ரசம் விட்டு ஒரு கிண்ணம் தாராளமாகச் சாப்பிட முடிந்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "சர்தான், சர்தான்" என்று தலையாட்டிவிட்டு, வந்திருக்கிற வேறு யாரையாவது பார்த்து, "நீ உக்காருபா, சாப்புடு" என்பார். எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைத்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. என் கணவர் அந்தச் சோதனைக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தால், அந்தக் கடற்கரைச் சண்டை ஆறாத புண்ணாகும் முன்பே உண்மை தெரிந்திருந்தால், நைனா இவ்வளவு பயந்திருக்க மாட்டாரோ என்று நினைப்பேன். கணவரிடம் அதைச் சொன்னதில்லை. அவரே அதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

சில வருடம் கழித்து நைனாவுக்குப் பக்கவாதம் வந்து செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரைப்பைக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பகலில் நான் பார்த்துக்கொண்டேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்: ஒவ்வொரு வேளையும் ஊற்றுவதற்கு முன்னால் சிரிஞ்சைக் குழாயில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். முன்பு ஊற்றியது நிறைய வந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அதைத் திருப்பி விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காமிரா இல்லாத ஏழையின் சோதனை. நர்ஸ் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பாடத்தில் நான் பழைய மாணவி.

ஆகவே சோறு போட்டவருக்கு நான் சோறு போட்டேன். சிரிஞ்சின் கோட்டைப் பார்த்துக்கொண்டு, கஞ்சி இறங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு. "போச்சா நைனா? எறங்குச்சா?" என்று நானும் கேட்டேன். அவர் கண்ணால் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு மதியம் அண்ணி எனக்காக டிபன் டப்பாவில் இட்லி கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள். நான் திறக்கவில்லை. சிரிஞ்சை வைத்து இழுத்தேன். காலையில் ஊற்றியது பாதி திரும்பி வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நர்ஸைக் கூப்பிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நைனாவின் இடது கை அசைந்தது. பரிமாறுவதற்கு ஒரு நாளும் அவர் தொடாத இடது கை. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார். டப்பாவைக் காட்டினார். மறுபடி என்னைக் காட்டினார்.

"அப்புறம் சாப்புடுறேன் நைனா," என்றேன், கண்ணைச் சிரிஞ்சிலிருந்து எடுக்காமல். "மொதல்ல உன்னுது எறங்கட்டும்."

கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போர்வைமேல் இறங்கிவிட்டது.

நர்ஸ் வந்து, காத்திருந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் நான் காத்திருந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பார்த்தேன், தூங்கியிருந்தார். எழுந்ததும் அவர் எதிரில் சாப்பிட வேண்டும் என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அதற்குப் பிறகு நினைவு திரும்பவில்லை.

இப்போதும் சில நாள் இட்லி சாப்பிடும்போது கை நின்றுவிடும். அன்றைக்கு ஒரே ஒரு இட்லியைப் பிய்த்து அவர் கண் முன்னால் வாயில் போட்டிருக்கலாம். நாலு மணி நேரமில்லை, நாள் முழுக்க அது வயிற்றிலேயே கிடந்திருக்கும். கிடந்துவிட்டுப் போகட்டும்.